டயர் நனைக்கும் வேலை

புளியரையில் எனக்கு டயர் நனைக்கும் வேலை.
நாள் கூலி, கையுறை ஒரு ஜோடி,
முதுகில் பதினாறு லிட்டர் மருந்து.
மேற்கே கோழிகள் சாகின்றன என்று
சுற்றறிக்கை வந்த மறுநாள்
சாலையின் குறுக்கே சுண்ணாம்பில் ஒரு பட்டை போட்டார்கள்.
ராத்திரித் தூறலில் அது கொஞ்சம் கிழக்கே இறங்கியது.
காலையில்
இறங்கிய இடத்திலேயே மறுபடி போட்டோம்.

முன்னால் இரண்டு, பின்னால் நான்கு.
ஸ்டெப்னிக்கு மருந்து கிடையாது,
அது தரையைத் தொடவில்லை என்பது டாக்டரம்மா தீர்ப்பு.
மலையிறங்கி வரும் சாமிமார்கள்
வெறுங்காலை நீட்டி
'இங்கயும் ஒரு அடி அடிங்க' என்று சிரிப்பார்கள்.

மூன்று மணிக்கு ஷிஹாபுதீனின் லாரி.
புனலூர் வண்டி, அத்தனை கூண்டும் காலி.
நாமக்கல் போய் ஏற்ற வேண்டுமாம்.
'கோழி இல்லல்லோ சேட்டா, பின்னெந்தா?'
கோழி இல்லைதான்.
கம்பியில் ஒரு இறகு மாட்டிக்கொண்டு ஆடியது.
டாக்டரம்மா பேனாவால் அதைக் காட்டினார்.
'உள்ளே இருப்பது' என்ற கட்டத்தில்
'இறகு, ஒன்று' என்று எழுதினேன்.
எழுதும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

முதலாளியின் போனுக்காக
வண்டி ஓரத்தில் கிடந்தது, ஆறு மணி வரை.
என் வேலையும் ஆறுக்குத்தான் முடியும்.
பஸ் நிற்காமல் போனது.
திருப்பி அனுப்பிய லாரியிலேயே ஏறிக்கொண்டேன்.
எஸ் வளைவு தாண்டும் வரை அவர் பேசவில்லை.
'வீடெவிடெயா?'
'ஆரியங்காவு. கார்டு அங்க, ஓட்டு அங்க.'
'அப்போ கூலி?'
நான் பின்னால் கை காட்டினேன்.
கோட்டவாசலில் கருப்பசாமிக்கு
ஹாரனை லேசாகத் தொட்டார்.
நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் நாலு கோழி.
பஞ்சாயத்து ஆட்கள் வந்து எண்ணிவிட்டுப் போனதாகச்
செண்பகவல்லி சொன்னாள்.
எண்ணும்போது ஒன்று பலாமரத்தில் இருந்ததாம்.
மூன்று என்று எழுதிக்கொண்டார்களாம்.
நாளைக்குச் சாக்கோடு வருவார்களாம்.
மகள் வாசலில் உட்கார்ந்து
யாரிடமும் பேசாமல் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள்,
ஒரு கோழிக்குப் போதுமான தவிடு.

முதல் பஸ்ஸில் வந்து
பட்டைக்கு முன்பே இறங்குகிறேன்.
மருந்து கலக்கி, மூடி திருகி,
முதல் டயர் வருவதற்குள்
ஒற்றைக் காலில் நின்று
என் செருப்புக்கு அடித்துக்கொள்கிறேன்.
பிறகு மறு செருப்புக்கு.
யாரும் என்னிடம் படிவம் நீட்டுவதில்லை.
தூக்குவாளியில் முட்டை ஒன்று இருக்கிறது.
அவித்தது.
மூன்று கோழிக் கணக்கில் வராதது.