படிவம் ஏழு, பகுதி ஈ

ஆண்டறிக்கைக்குச் சாதனை சேர்ப்பது என் வேலை.
எல்லாப் பீடத்துக்கும் ஒரே படிவம்,
அரைச் சாண் பெட்டிக்குள் ஐம்பது சொல்.
பங்குனி முப்பத்தொன்று, மாலை நாலேகாலுடன் சரி.

விஞ்ஞான பீடம் முந்திவிட்டது.
கட்டுரை எண்பத்தாறு, மாநாடு நாற்பது,
கொரியாவில் ஒரு சுவரொட்டிப் பரிசு.
கலைப்பீடத்திலிருந்து மூன்றே மூன்று தாள்,
ஒன்றில் தேநீர்க் கறை.
பீடாதிபதி தொலைபேசியில் சொன்னார்:
"பிள்ளை, எங்கட ஆக்கள் செய்யினம், எழுத மாட்டினம்.
ஒருக்கா நடந்து போய்க் கேளுமன்."

நடந்தேன்.

மொழியியல் கலாநிதி பஸ்லியா
ஒலிப்பதிவை என் காதுக்குள் செருகினார்.
மாதகல் கரை. இரைச்சல். ஒரு சம்மாட்டியின் குரல்.
கச்சான் எழும்ப முன் கடல் ஒருதரம் மூச்சடக்குமாம்,
அந்தக் கணத்துக்கு அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறதாம்.
"எந்த அகராதியிலும் இல்லை. பதினொரு மாதம் தேடினேன்."
சொல் என்ன என்று கேட்டேன்.
கட்டுரை வரட்டும் என்றார்.

கணிதம் மேல்மாடியில்.
பேராசிரியர் திருக்கேதீஸ்வரன்
எல்லாப் பெட்டியிலும் 'இல்லை' என்று எழுதிக்
கையொப்பமும் வைத்திருந்தார்.
"ஒண்டுமே இல்லையோ சேர்?"
விரலில் ஒட்டிய சோக்குத்தூளை ஊதினார்.
"தொண்ணூற்றாறில், இடம்பெயர்ந்து கொடிகாமத்தில்,
ஜாம்போத்தல் விளக்கில் ஒரு நிறுவல் எழுதினனான்.
வெளியில என்ர பெயர் தெரியிறது அதாலதான்.
போன ஆவணியில பார்த்தன், ஏழாம் வரி பிழை.
நானே எழுதி அனுப்பினன். அச்சடிச்சவங்கள்.
இது எந்தப் பெட்டி?"

ஈ என்றேன். ஏனையவை.

இரசாயனவியல் அமிர்தகலாவின் படிவம் மின்னஞ்சலில் வந்தது.
கிணறு முந்நூற்று அறுபத்திரண்டு.
நைத்திரேற்று அளவு மீறியவை நூற்று நாற்பத்தொன்று.
இணைப்பில் பட்டியல்: ஊர், ஆழம், பயிர், உரித்தாளர்.
நூற்றுப் பதினேழாம் வரி
புன்னாலைக்கட்டுவன், இருபத்தாறு அடி, வெங்காயம்,
என் தமையனின் பெயர்.
கூட்டுத்தொகை சரி என்று குறியிட்டுவிட்டு
வெளியே வந்து அண்ணிக்கு எடுத்தேன்.
"சின்னவனுக்குப் பால்மா கரைக்கிறது எந்தத் தண்ணி?"
"ஏன்? மடம் வந்து சொல்லிப்போட்டுப் போய் மூண்டு மாதம்.
வெயிலுக்க சைக்கிள்ள வந்தவ, பாவம்.
இப்ப பவுசர் தண்ணிதான்."

சைக்கிள் படிவத்தில் இல்லை.

சித்திரைக்குப் பிறகு கொழும்பிலிருந்து திரும்பி வந்தது:
'பகுதி ஈ மிக நீளம். ஒரு பக்கத்துக்குள் அடக்குக.'
என்னிடம் மூன்று பக்கம்.
சிவப்புப் பேனாவோடு கன்ரீனுக்குப் போனேன், வடை முடிந்திருந்தது.
ஏழாம் வரியை வெட்டலாமா, கடலின் மூச்சை வெட்டலாமா,
நூற்றுப் பதினேழை?

திரும்பி வந்து கதிரையை இழுத்துப் போட்டு
எழுத்தின் அளவைப் பன்னிரண்டிலிருந்து ஆறாக்கினேன்.
வாசிக்க வேண்டியவர்கள் கண்ணாடி போடட்டும்.