நான்காவது விளக்குக் கம்பம்

செம்பனை ஆலையின் எடைப்பாலத்தில்
பதினேழு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.
லோரி ஏறும், எண் நிற்கும்.
குலையைக் கொட்டிவிட்டு வெறும் வண்டியாய்த் திரும்பும்,
மறுபடி எண் நிற்கும்.
முன்னதில் பின்னதைக் கழி.
எனக்குத் தெரிந்த கணக்கு இவ்வளவுதான்.

போன ஞாயிறு பாகாவில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம்.
நாற்பது வெள்ளி கட்டினால்
ஒரு சட்டை, ஒரு வாழைப்பழம்,
தேசிய அணி ஹஸ்லிண்டா நிற்கிற அதே கோட்டில்
நிற்கிற உரிமை.
பந்தாட்டத்தில் இது கிடைக்காது.

நின்றேன். ஊதல் வரைக்கும் சமம்.
அவள் கெண்டைக்காலில் ஒரு கொசுக்கடி.
என் காலிலும் அதே இடத்தில் ஒன்று.
பிறகு அவள் முதுகு,
பாசார் முக்கு திரும்பும்வரை.

அவள் முப்பத்தைந்து நிமிடம்.
நான் அறுபத்தொன்று, நாற்பது விநாடி.
நேரமாகக் கழித்தபோது வலிக்கவில்லை.
இரவில் அதை இடமாக மாற்றிப் பார்த்தேன்,
தூக்கம் போயிற்று.

அவள் நாடாவை மார்பில் வாங்கியபோது
நான் சீனர் இடுகாட்டைக்கூடத் தாண்டவில்லை.
அவள் மைலோ குடித்து, படம் எடுத்து,
காலணி மாற்றி, காரில் ஏறிப் போகும்வரை
நான் கடந்தது:
இடுகாடு, பெட்ரோல் நிலையம், கோவில் வளைவு,
சாந்தமேரியின் தையல்கடை,
ரொட்டி சானாய் வீசுகிறவனின் கை.
ஓர் ஊரே இருக்கிறது எங்கள் இருவருக்கும் நடுவில்.
அதில் ஆள்கள் குடியிருக்கிறார்கள்.
பசியாறிக்கொண்டே சிலர் கைகூடத் தட்டினார்கள்.

நான் சேர்ந்தபோது மைலோ லோரி
கதவை இழுத்து மூடிக்கொண்டிருந்தது.

"எத்தனையாவது?" என்றான் துரைக்கண்ணு, திங்கட்கிழமை,
குலை லோரியின் சன்னலில் இருந்து.
இருநூற்றுப் பதினான்கு.
"மொத்த எடையா, வண்டி கழிச்சா?"

சிரித்தேன். கேள்வி மட்டும் உள்ளே இறங்கிவிட்டது.
எதைக் கழிக்கலாம்?
நாற்பத்தொரு வயதை, இரண்டு பிரசவத்தை,
இரவு வேலையை, இடது முழங்காலை.
ரசீதின் பின்புறத்தில் எல்லாம் எழுதிக் கழித்தேன்.
அப்போதும் அவள் முன்னால்தான் போகிறாள்.
அவளுக்கும் கழிக்க ஏதாவது இருக்கும்,
அது என் பாலத்தில் ஏறவில்லை.

புதன் இரவு வேலை முடிந்ததும்
ஆலை வாசலில் இருந்து அவள் வேகத்தில் ஓடினேன்.
நூறு மீட்டருக்கு இருபத்தொரு விநாடி.
முதல் கம்பம். இரண்டாவது.
மூன்றாவதில் இருபக்கச் செம்பனையும்
பின்னால் ஓடத் தொடங்கிற்று.
நான்காவதைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.
இருநூற்று எண்பது மீட்டர்.
இதையே அவள் நிற்காமல்
முப்பத்தைந்து தடவைக்கு மேல் ஓடுகிறாள்,
கடைசியில் சிரிக்கவும் செய்கிறாள்.

காவல்கார நேப்பாளி டார்ச் அடித்தபடி ஓடி வந்தார்,
யாராவது துரத்துகிறார்களா என்று.
"இல்லை" என்றேன், "நான்தான் துரத்தினேன்."
வெளிச்சத்தைச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்.
ஒருவரும் இல்லை.

இந்தக் கம்பம் வரைக்கும் இருந்தாள் ஐயா,
கைக்கெட்டும் தூரத்தில்.