உதிரி

என் கடையைத் தபாஜி என்பார்கள்.
புகையிலைக்கடை என்றுதான் அர்த்தம்.
விற்பதோ ரொட்டி, மத்திமீன் டப்பா,
கொசுவத்தி, லாட்டரிச் சீட்டு.
சிகரெட் அலமாரிக்குத் திரை போட்டாயிற்று.
கடையின் பெயரே
திரைக்குப் பின்னால் இருக்கிறது.

ரோஸ் பெல்லில் காலை ஆறு மணிக்கு
மழை என்று சொல்ல முடியாத மழையொன்று பெய்யும்.
வேன் வரும்வரை நான்கு கொத்தனார்கள்
என் தகரத்துக்கு அடியில் நிற்பார்கள்:
ஜெரார், ரெஷாத், அர்னசலோன், சுனாசி.
ஒன்று கொடுங்கள் மதாம்,
ஒன்றே ஒன்று.

ஒன்றாகக் கொடுக்கக் கூடாது.
பாக்கெட்டைப் பிரிக்காதே என்கிறது சட்டம்.
சில்லறைக் காசு வைத்திருக்கும் பள்ளிப் பையன்
உதிரியில்தான் ஆரம்பிக்கிறான் என்று
கூட்டம் போட்டுச் சொன்னார்கள். தலையாட்டினேன்.
என் வீட்டிலும் ஒரு பள்ளிப் பையன்.
லிச்சி மணக்கிற வேப் எங்கே கிடைக்கும் என்று
என்னிடமே கேட்டவன்.
இந்தத் தீவில் அதை விற்கவே கூடாது என்றேன்.
தெரியும் என்றான்.

ஜூனுக்கு ஜூன் பட்ஜெட் வரும்,
பாக்கெட் விலை ஏறும்.
அர்னசலோன்தான் கணக்குப் போட்டான்.
நாலு பேர் சேர்ந்து ஒரு பாக்கெட்,
ஆளுக்கு ஐந்து.
மிச்சத்தை என்னிடம் விட்டுப் போவது.
நான் விற்கவில்லை, பார்த்துக்கொள்கிறேன்,
மறந்து போன குடையை எடுத்து வைப்பது போல.

ஒரு பிஸ்கட் டப்பா. ஒரு நோட்டு.
நாலு பெயருக்கு நேரே ௫, ௪, ௩ என்று
கோவில் வகுப்பில் படித்த எண்கள்.
வேறு யாருக்குப் புரியப்போகிறது?

பாக்கெட்டின் மேல் ஒரு படம்,
கட்டிலில் ஒருவன், மூக்கில் குழாய்.
மூன்று பேர் அதைக் கவிழ்த்து வைப்பார்கள்.
சுனாசி நிமிர்த்தி வைப்பான்:
என் மச்சான் ஜாடை, கடன் வாங்கின மச்சான்.

ஆகஸ்டில் சுனாசி வரவில்லை.
இரண்டு நாள் வேன் அவனுக்காக ஹாரன் அடித்தது.
மூன்றாம் நாள் அடிக்கவில்லை.

அவன் பங்கு ஐந்து, தொடாமல் இருந்தது.
அடுத்த பாக்கெட்டை மூவராக வாங்கினார்கள்.
இருபது மூன்றால் வகுபடவில்லை.
மிஞ்சிய இரண்டுக்குச் சண்டை வந்தது,
பிறகு சண்டை வேண்டாம் என்று
சுனாசி பெயரில் எழுதச் சொன்னார்கள்.
அதற்கடுத்த பாக்கெட்டிலும் இரண்டு.
எல்லோர் எண்ணும் இறங்க
வராதவன் எண் மட்டும் ஏறியது.

அந்த வாரம் இன்ஸ்பெக்டர் மர்தேமுத்து வந்தார்.
டப்பாவைத் திறந்தார்.
பிரித்த பாக்கெட், மதாம்.
விற்பனைக்கு இல்லை, முசியே. ஒருவருடையது.
நோட்டைப் புரட்டிய விரல் ஒரு வரியில் நின்றது.
நம் ரூபாய் நோட்டிலேயே தமிழ் எண் உண்டென்பது
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
பதின்மூன்றா? என்றார், தமிழில்.
ஆள் எங்கே?
ஆஸ்பத்திரியில். நெஞ்சு வார்டு.

அவருடைய படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
பேனாவை மூடினார், திறந்தார்,
எச்சரிக்கை என்று மட்டும் எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.
பாக்கெட்டின் மேல் இருக்கிற
அதே சொல்.

திங்கட்கிழமை வேனுக்குப் புது ஆள் ஒருவன்,
சிமென்ட் படாத சப்பாத்து.
இருபது மறுபடி வகுபடும் என்றான் அர்னசலோன்.
அடையாள அட்டை கேட்டேன்.
பதினெட்டு முடிந்து ஒன்பது நாள்.
சட்டத்துக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

சுனாசியுடையதில் ஒன்றைக் கொடுங்கள்,
இவன் அதில் ஆரம்பிக்கட்டும் என்றான் ஜெரார்.

டப்பா வரைக்கும் கை போனது.
தீப்பெட்டி தீர்ந்துவிட்டது என்றேன்.

நால்வரும் என்னைத் தாண்டிப் பார்த்தார்கள்.
என் முதுகுக்குப் பின்னால்
சுவர் நிறையத் தீப்பெட்டி.