வியாழன் இரவு, ஒன்பதாம் பக்கம்

இந்த வாரம் ஐந்து படம்.
ஒவ்வொன்றுக்கும் தொண்ணூறு சொல்,
முத்திரை அளவில் ஒரு போஸ்டர்,
அதன் கீழே நட்சத்திரங்கள்.
எழுதுவது அவர்கள்.
வெட்டுவது நான்.

முதலில் வருவது எப்போதும் தவரூபன்.
கொட்டாஞ்சேனையில் காலைக் காட்சி பார்த்து
மத்தியானமே அனுப்பிவிடுவார்.
சென்னையிலிருந்து வந்த பெரிய படம்.
நாயகன் நாற்பது பேரை அடிக்கிறான்.
'நாற்பத்தோராவது ஆள் நான்' என்று தொடங்கியிருந்தார்.
சிரித்தேன், அதை விட்டுவைத்தேன்.
இசை பற்றிய மூன்று வரி போயிற்று.
'ஒளியே ஒரு பாத்திரமாக' போயிற்று.
ஒளி பாத்திரமாகாத படமொன்றை
இந்த ஏழு வருசத்தில் அவர் பார்த்ததேயில்லை.

அடுத்தது பேய்ப்படம்.
வில்பிரட் கையால் எழுதி
போனில் படம்பிடித்து அனுப்புகிறவர்.
ஓரத்தில் அவருடைய பெருவிரலும் விழுந்திருக்கும்.
'பேய் வருவதற்கு முன்பே கரண்ட் போய்விட்டது.
பதினொரு நிமிசம் இருட்டுக்குள் இருந்தோம்.
எங்கேயோ ஒரு பிள்ளை அழுதது.
படத்தில் நல்ல கட்டம் அதுதான்.'
ஒரு சொல்லையும் நான் தொடவில்லை.
இரண்டு நட்சத்திரம் கேட்டிருந்தார்,
ஒன்று மின்சார சபைக்கு.

மூன்றும் நான்கும் காதல் படங்கள்.
ஒருவரே பார்த்தால் குழம்பிப்போவார் என்று
இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்தோம்.
இரண்டு பேரும் எழுதியிருக்கிறார்கள்:
'இடைவேளைக்குப் பிறகு தொய்வு.'
இடைவேளையில் அப்படி என்னதான் நடக்கிறது?
வெள்ளவத்தையில் ரோல்ஸ் சூடாக இருக்கும்,
பக்கக் கதவைத் திறந்துவிடுவார்கள்,
உப்புக் காற்று உள்ளே வரும்,
தெஹிவளைக்குப் போகும் ரயில் கூவும்.
அதன் பிறகு எந்தக் காதல்தான் நிமிரும்.

ஐந்தாவது சிங்களப் படம்.
எழுத வேண்டியவள் ஸுமையா.
எட்டு மணி. எட்டரை.
கீழே பிளேட் போடும் விபுல
இரண்டு தரம் கோல் எடுத்துவிட்டான்.
ஒன்பதேகாலுக்கு வந்தது,
இருநூற்றுப் பன்னிரண்டு சொல்.
நட்சத்திரம் இல்லை.

'சோதனைச் சாவடியில் ஒரு தமிழ்ப் பெண்
பையைத் திறந்து காட்டுகிறாள்.
அவளுக்கு ஒரேயொரு வசனம்.
அதுவும் உச்சரிப்புப் பிழை.
பம்பலப்பிட்டித் தியேட்டர் முழுக்க
அது பிழையென்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்
என்று நினைத்திருந்தேன்.
இரண்டு வரிசை முன்னால்
இன்னொரு தலை மெல்லத் திரும்பியது.
அது யாரென்று யோசித்தபடியே மிச்சப் படம் ஓடியது.
நல்ல படமாகத்தான் இருக்க வேண்டும்.
நான் சரியாகப் பார்க்கவில்லை.'

போன் எடுத்தேன்.
'எத்தனை நட்சத்திரம் போட?'
பஸ்ஸில் நின்றிருக்கிறாள் போல,
நடத்துனர் கொள்ளுப்பிட்டி கொள்ளுப்பிட்டி என்று கத்துகிறான்.
'தெரியாதே. நீங்களே போடுங்க.'

காதல் போஸ்டர் இரண்டையும் தூக்கினேன்.
தொய்வு இரண்டையும் ஒன்றாக்கினேன்.
தவரூபனின் நாற்பது பேரில்
முப்பது பேரை வீட்டுக்கு அனுப்பினேன்.
(ஞாயிற்றுக்கிழமை ஏசுவார்.)
இருநூற்றுப் பன்னிரண்டும் உள்ளே வந்தன.
கீழே நட்சத்திரத்துக்கான இடம்
பல் விழுந்த மாதிரிக் கிடந்தது.

விபுல மேலே ஏறி வந்தான்.
எங்கள் பக்கத்தில் அவனுக்கு வாசிக்கத் தெரிந்தது
படங்களும் நட்சத்திரங்களும் மட்டும்.
போஸ்டரில் விரல் வைத்தான்.
சனிக்கிழமை மனைவியோடு போக
ரிக்கெட் எடுத்துவிட்டானாம்.
'அவ்வளவு மோசமா மிஸ்? ஒன்றுகூட இல்லையே?'

இல்லை, நல்ல படம் என்றேன், சிங்களத்தில்.
அப்படியென்றால் ஏன் என்றான்.
சாவடியைச் சொன்னேன், பையைச் சொன்னேன்,
அந்த ஒற்றை வசனத்தைச் சொல்லப் போய்
நடுவில் ஒரு சொல்லில் என் நாக்கு இடறியது.
எப்போதும் இடறுகிற சொல்தான்.
விபுலவுக்கும் அது தெரியும்.
அவன் திருத்தவில்லை.
பக்கத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
'இப்படியே அடிக்கட்டுமா?' என்றான்.