நள்ளிரவு, ஓஸ்லோ நேரம்

அங்கே நள்ளிரவு என்றால்
இங்கே பிஷ்கெக்கில் விடிகாலை ஐந்து.
அந்த ஐந்து மணி நேரத்தை
எனக்குக் கிடைத்த முதல் உதவித்தொகை என்று
வரவில் எழுதிக்கொண்டேன்.

மற்றதெல்லாம் செலவு.
ஆங்கிலத் தேர்வுக்கு ஒன்றரை மாதச் சம்பளம்.
பட்டச் சான்றிதழை மொழிபெயர்த்து முத்திரை வாங்க
நோட்டரியிடம் மூன்று முறை வரிசை;
முதல் முறை என் பெயரில் ஓர் எழுத்தை விட்டிருந்தாள்,
அடுத்த முறை அப்பா பெயரில்.
தம்பி நோவசிபிர்ஸ்கில் டாக்சி ஓட்டி அனுப்பிய ரூபிள்
விண்ணப்பக் கட்டணத்துக்குப் போனது.
பணமில்லை என்று நிரூபிக்க
இவ்வளவு பணம் வேண்டியிருக்கிறது.

வயது வரம்பு முப்பத்தைந்து.
மார்ச் வந்தால் எனக்கு முப்பத்தாறு.
நாட்டுக்கு ஒரே ஓர் இடம்.

போன வாரம் பெர்மெட் ஆய்வகத்துக்கு வந்தாள்,
தொப்பியில் படிந்த பனியைத் தட்டாமலே நின்றாள்.
"எர்மெக் அகாய், ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும்."
எந்த நல்கைக்கு என்றேன்.
சொன்னாள்.
கெட்டிலில் தண்ணீர் கொதித்துத் தானே அணைந்தது.
எழுதித் தருகிறேன் என்றேன்.
நானும் அதற்குத்தான் என்று வாயெடுத்தபோது
அவள் ஒற்றைக் கையுறையைத் தேடிக்கொண்டிருந்தாள்.
கையுறை கிடைத்தது. போய்விட்டாள்.

இப்போது மணி இரண்டு.
படிவம் கேட்கிறது:
சக மாணவரோடு ஒப்பிட்டால் இவர்
முதல் ஒரு விழுக்காட்டிலா, ஐந்திலா, பத்திலா,
அல்லது
சொல்ல இயலாதா?

எவ்வளவு கண்ணியமான கட்டம் அந்தக் கடைசிக் கட்டம்!
அதில் பொய் இல்லை.
அதில் எதுவுமே இல்லை.

ஓர் உதாரணம் தருக, இருநூறு சொற்களுக்குள்.

என்னிடம் இருப்பது ஒரே உதாரணம்.
பனியாற்றில் நாங்கள் பன்னிரண்டு கழிகள் நட்டிருந்தோம்;
கோடை எவ்வளவு உருக்கியது என்று கழி சொல்லும்.
ஏழாவது சாய்ந்திருந்ததை
இரண்டு கோடைகள் நான் பார்க்கவில்லை.
சரிவில் நிற்பவனுக்குச் சாய்ந்ததும் நேர்தான்.
மூன்றாம் கோடையில் அவள் மண்டியிட்டுக்
கைபேசியைக் கழியோடு ஒட்டிவைத்துக் கோணம் பார்த்தாள்.
பதினான்கு பாகை.
உருகாத ஒன்பது சென்டிமீட்டரை
நான் உருக்கியிருந்தேன்.

அந்த இரண்டு கோடைகளின் எண்கள்தான்
என் ஆய்வுத் திட்டத்தின் நான்காம் பக்கம்.
அவள் கடிதத்தையும் என் திட்டத்தையும்
படிக்கப்போவது ஒரே குழு.

கடிதத்தில் முதலில்
"ஒரு பிழை ஏற்பட்டிருந்தது" என்று எழுதினேன்,
என்னவோ மழை பெய்ததுபோல.
படித்துப் பார்த்தேன். தேநீர் போட்டேன்.
அழித்துவிட்டு
"பிழை என்னுடையது" என்று எழுதினேன்.
இரண்டே சொல். கட்டைவிரல் வரை குளிர்ந்தது.
முதல் ஒரு விழுக்காட்டில் குறியிட்டு அனுப்பினேன்.
நன்றி, பரிந்துரையாளரின் பணி முடிந்தது
என்றது திரை.

நாலு பன்னிரண்டு.
என் கோப்பைத் திறந்தேன்.
பனியாற்றுக்கு அதன் ஒன்பது சென்டிமீட்டரைத் திருப்பிக் கொடுக்க
முக்கால் மணி நேரம்கூட முழுசாக இல்லை.
அட்டவணை, வரைபடம், வரைபடத்தின் அடிக்குறிப்பு,
முடிவுரையில் "கடுமையான" என்றிருந்ததை "கணிசமான" என்று.
அதற்கும் கீழே, சின்ன எழுத்தில்:
ஏழாம் கழியைத் திருத்தியவர் பெர்மெட்.

அவள் கோப்பு என்னைச் சொல்லும்,
என் கோப்பு அவளைச் சொல்லும்.
பேசி வைத்துக்கொண்டார்கள் என்று குழு நினைக்கலாம்.
நாங்கள் இன்னும் பேசவேயில்லை.

நாலு ஐம்பத்தாறு.
பதிவேற்றம் அறுபத்தொரு விழுக்காட்டில் நிற்கிறது.
வெளியே நிலக்கரிப் புகைக்குள்
நாளின் முதல் மார்ஷ்ருத்கா
ஆளில்லாத நிறுத்தத்திலும்
நின்று, கதவைத் திறந்து,
மூடிக்கொண்டு போகிறது.