தலைக்கவசம்

நார்விக்கில் நவம்பர். மூன்று மணிக்கே இருட்டு.
தாதுக் கப்பலுக்குச் சுமையேற்றிவிட்டு வந்த தூர்டிஸ்
ஒன்றரை மணி நேரம் மூக்கு செய்தாள்.
கொஞ்சம் கோணல்,
எப்போதோ உடைந்து தானே ஒட்டிக்கொண்டது போல.
புருவத்தில் ஒரு வெட்டு.

புள்ளிகளையெல்லாம் பலத்தில் கொட்டினாள்.
பேச்சுத்திறன் பூஜ்யம்.
கிழிந்த கையுறைக்கு
மொத்தக் காசையும் பிடுங்கினான் வியாபாரி. போகட்டும்.

முதல் குகை, முதல் பெட்டி:
இரும்புத் தலைக்கவசம். காப்பு பதினான்கு.
மூக்கு போயிற்று.

பிறகு நாற்பது மணி நேரம்
ஒரு முதுகின் பின்னாலேயே நடந்தாள்.

கடைசி அரக்கனின் வாசலில்
கவசத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.
செத்தாள். மறுபடி செத்தாள்.
ஒன்பதாவது தடவை
கோடரி இறங்குகையில்
கேமரா தானே முன்னால் சுற்றி வந்தது.

அட, நீயா.

காலை ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது.