பல் டாக்டருக்குப் போகும் வழி

மாயேபூர்த் துறை. திங்கட்கிழமை.
சந்தைக் கூச்சல் தண்ணீர் வரைக்கும் கேட்கிறது.
சபாபதி ஆர்மூகோம் தன் மடிக்கணினியை
அரிசிப் பையில் சுற்றிக் கொண்டுவந்து
காய்ச்சல் கண்ட பிள்ளையைப் போல என் மடியில் கிடத்தினார்.
"பேய் பிடிச்சிருக்கு. நீயே பாரு."
கிரியோலில்தான் சொன்னார்.
தமிழில் எழுதும்போது இன்னும் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

படகின் பெயர் பாசியோன்ஸ். பொறுமை என்று அர்த்தம்.
நீலப் பெயின்ட்; முன்பக்கம் மட்டும் போன வருஷத்து நீலம்.
ஜிபிஎஸ் வில்லையை யுஎஸ்பி துளையில் செருகினேன்.
வரைபடம் திறந்தது.
உடனே அம்புக்குறி துள்ளிற்று,
மேலே, மூலைக்கு, குப்பைத்தொட்டிக்கு.
கேட்காமலே கோப்புகளைத் திறந்தது, மூடியது,
அவர் மகள் கல்யாணப் படம் ஒன்றை
திரை முழுக்கப் பெரிதாக்கி நிறுத்தியது.
கயிறு பிடித்திருந்த கிளிஃப்
சிலுவை போட்டுக்கொண்டான்.

எனக்குத் தெரிந்த பழைய பேய்தான் இது.
வினாடிக்கு ஒரு தரம் வில்லை அனுப்பும் எண்களை
விண்டோஸ்,
யாரோ மவுஸை ஆட்டுவதாக நினைத்துவிட்டது.
இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறவை
கல்யாணப் படம் பார்த்துக்கொண்டிருந்தன.
சாதனப் பட்டியலில் தேடி, பொய்ப்பெயரில்
ஒளிந்திருந்ததை முடக்கினேன்.
அம்புக்குறி மூச்சு வாங்கி நின்றது.

அப்புறம் போர்ட் எண். நேற்று நான்கு,
துளை மாற்றிச் செருகியதால் இன்று ஏழு.
வேகம் நாலாயிரத்து எண்ணூறு.
"அவ்வளவு வேகம் என் எஞ்சினுக்கு ஆகாது."
"அது பேச்சு வேகம், அண்ணே."
டாலர் குறியில் பிறந்து
நட்சத்திரக் குறி தாண்டி இரண்டே எழுத்தில் முடியும் வரிகள்
இறங்கத் தொடங்கின.

'வீடு' என்று குறித்திருந்த புள்ளியைத் தொட்டேன்.
இரண்டாயிரத்து நானூற்று நாற்பத்தொன்பது கடல்மைல் என்றது.
தெற்கு என்று அடிக்க வேண்டிய இடத்தில்
யாரோ வடக்கு அடித்து,
அவர் வீட்டை ஓமான் மணலில் கட்டியிருந்தார்கள்.

படகாவது சரியா என்று பார்த்தால்,
காலடியில் தண்ணீர் தளும்ப
திரையில் நாங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குள் மிதந்தோம்.
பழைய தாளை ஸ்கேன் செய்தவன்
அதை வரைந்தவர்கள் பூமியை எந்தக் கணக்கில் உருட்டினார்கள்
என்று கேட்டுக்கொள்ளவில்லை.
மேற்கே கொஞ்சம், வடக்கே கொஞ்சம், எண்களை மாற்றி
துறையின் கடைசிக் கல்லோடு ஒட்டிப் பார்த்தேன்.
மூன்றாம் தரம் ஒட்டியது.

சபாபதி வெளியே, வெள்ளை நுரை உடையும்
பாறை வரிசையைப் பார்த்தார்.
இந்தப் பிழையை நம்பி ஓர் இரவு
அந்த வாயில் நுழைந்திருந்தால் என்று
அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

"இது யார்கிட்டயாவது பேசுமா?"
"கேட்கும். வாய் கிடையாது. ஆனா
போன தடமெல்லாம் எழுதி வைக்கும்."

கிளிஃப்பை மரவள்ளி பிஸ்கட் வாங்க அனுப்பினார்.
அவன் தலை சந்தைக்குள் மறைந்ததும்
சட்டைப் பையிலிருந்து ஒரு மின்சார பில்.
அதன் முதுகில் பென்சிலில் எண்கள்.
அடித்தேன். "பேர் என்ன வைக்கட்டும்?"
நாக்கால் கடைவாயைத் தடவினார்.
"பல் டாக்டர்னு போடு.
எவனும் தானா அந்தப் பக்கம் போகமாட்டான்."

பிப்ரவரியில், புயல் எச்சரிக்கை இறங்கிய மறுநாள்,
விசைகளுக்குள் உப்புநீரோடு கணினி திரும்பி வந்தது.
டிஸ்கைக் கழற்றி நகல் எடுத்தபோது
பட்டியல் கண்ணில் பட்டது:
பல் டாக்டர். பாங்க் லோன். வருமான வரி.
சின்ன மச்சினன்.
மச்சினனுக்கு மட்டும் ஒன்பது தடங்கள்,
எல்லாம் விடியற்காலை.

அடுத்த சந்தையில் அவரிடமே சூரை வாங்கினேன்,
ஒன்றரைக் கிலோ, செவுள் இன்னும் சிவந்திருந்தது.
"இது யார் வீட்டுது, அண்ணே?"
தராசு முள்ளிலிருந்து கண் எடுக்காமல் சொன்னார்:
"மச்சினன்."